பழைய கன்ட்ரி பாடல்களின் பொருளும் உணர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எவற்றைப் பழைய கன்ட்ரி பாடல்கள் என்கிறோம்?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வேர்விட்டு, 1920-களில் இசைத்தட்டுக்கு வந்து, 1980 வரை வளர்ந்த பாடல்களைத்தான் இந்தப் பக்கத்தில் அப்படிச் சொல்கிறோம். தொடக்கப் புள்ளியாகப் பலரும் காட்டுவது 1927. அந்த ஆண்டு ஜூலைக் கடைசியில் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் என்பவர் டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையிலுள்ள பிரிஸ்டல் ஊருக்கு ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்தார். அங்கே அவர் பதிவுசெய்தவர்களில் கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் இன்றுவரை பேசப்படுகிறார்கள்.

கார்ட்டர் குடும்பத்தார் பாடியது வீட்டை, தாயை, தேவாலயத்தை, சாவை. ராட்ஜர்ஸ் ரயில்வேயில் பிரேக்மேனாக, அதாவது வண்டியின் பிரேக்கைக் கவனிப்பவராக, இருந்தவர். அவர் பாடியது தண்டவாளத்தை, ஊர் ஊராகத் திரிவதை, காசநோயை. அந்த நோயைப் பற்றி 1931-லேயே பாட்டுப் பாடி வெளியிட்டார். 1933-ல் அதே நோயில் 35 வயதில் இறந்தார். பின்னால் வந்த பெரும்பாலான பாடல்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவிப்பவை. வீட்டில் இருப்பவருக்கு ரயில் சத்தம் கேட்கிறது. ரயிலில் போகிறவருக்கு வீட்டு ஞாபகம் வருகிறது.

ஏன் இவ்வளவு சோகம்?

பாடியவர்களும் கேட்டவர்களும் வாழ்ந்த வாழ்க்கை அப்படி. அப்பலாச்சியன் மலைகளில் நிலக்கரிச் சுரங்க வேலை, சமவெளியில் குத்தகைக்குப் பருத்தி விவசாயம். 1930-களில் பொருளாதாரம் சரிந்தது, ஓக்லஹோமா பக்கம் புழுதிப் புயல் அடித்தது, குடும்பம் குடும்பமாகக் கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்தார்கள். மெர்ல் ஹாகர்டின் பெற்றோர் அப்படி ஓக்லஹோமாவிலிருந்து போனவர்கள்தான். அவர் சிறுவயதில் வாழ்ந்த வீடு, பழைய ரயில் சரக்குப் பெட்டி ஒன்றை மாற்றிக் கட்டியது.

ஆனால் சோகம் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. லொரெட்டா லின் 1970-ல் வெளியிட்ட 'கோல் மைனர்ஸ் டாட்டர்' வறுமையைப் பற்றியது. அதில் அழுகை துளியும் இல்லை. அப்பா இரவெல்லாம் சுரங்கத்தில், பகலெல்லாம் சோளக்கொல்லையில். கோடையில் பிள்ளைகளுக்குச் செருப்பு கிடையாது. குளிர்காலம் வந்தால் பன்றி விற்ற காசில் தபால் வழியாகப் புது ஷூ வரும். இதைச் சொல்லும் குரலில் இருப்பது பெருமை. கடைசியில் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கிறாள்; தரையைத் தவிர அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அந்த ஒரு இடத்தில்தான் பாட்டு கனக்கிறது, அதுவும் ஒரு நொடிக்கு மட்டும்.

ஒரு பாட்டின் பொருளைப் பிடிக்க எங்கிருந்து தொடங்குவது?

யார், யாரிடம், எந்த இடத்தில் நின்று பேசுகிறார் என்பதிலிருந்து. சங்க அகப்பாடல்களுக்குக் கீழே 'தலைவி தோழிக்குச் சொன்னது' என்று ஒரு குறிப்பு இருக்கும். கன்ட்ரி பாட்டுக்கு அப்படி எவரும் எழுதி வைக்கவில்லை. கேட்பவரே எழுதிக்கொள்ள வேண்டும். நடைமுறையில் ஒரு பாட்டை மூன்று முறை கேட்டால் போதும். முதல் முறை, பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார் என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை, பாட்டில் வரும் பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கடிதம், மோதிரம், மேஜை, டெலிபோன். மூன்றாம் முறை, கடைசிச் சரணத்துக்குப் பிறகு பல்லவியின் அர்த்தம் மாறுகிறதா என்று கவனியுங்கள்.

நம் ஊர்க் காதுகளுக்குப் பழகிய ஒன்றிலேயே செய்து பார்க்கலாம். ஜிம் ரீவ்ஸை இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கொண்டாடியவர்கள் ஏராளம். அவருடைய 'ஹீல் ஹேவ் டு கோ' 1959 கடைசியில் வேறொரு பாட்டு இருந்த இசைத்தட்டின் பின்பக்கமாக வெளிவந்து, 1960-ல் கன்ட்ரி வெற்றிப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. மெல்லிய குரலில் வருவதால் பலர் இதை இனிய காதல் பாட்டு என்றே நினைக்கிறார்கள்.

சூழலைப் பாருங்கள். ஒருவன் ஏதோ ஒரு பாரிலிருந்து தன் காதலிக்கு டெலிபோன் செய்கிறான். அவள் பக்கத்தில் இன்னொருவன் இருக்கிறான். இவன் ஜூக்பாக்ஸின் (காசு போட்டால் பாட்டு ஒலிக்கும் பெட்டி) சத்தத்தைக் குறைக்கச் சொல்லப்போவதாகச் சொல்கிறான். அவளோ தன் அருகில் இருப்பவனைப் போகச் சொல்ல வேண்டும். அவளால் வெளிப்படையாகப் பேச முடியாது என்று இவனுக்குத் தெரியும். அதனால் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொன்னால் போதும் என்கிறான். அவள் என்ன சொன்னாள் என்பது கடைசிவரை நமக்குக் கேட்பதில்லை. அவன் கத்தவில்லை, மிரட்டவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டே போகிறான். வாயை மைக்குக்கு மிக அருகில் வைத்து ரீவ்ஸ் பாடிய விதமே டெலிபோனில் பேசுவது போல் இருக்கிறது. இது தோற்றுக்கொண்டிருப்பவனின் பாட்டு. அந்தக் கண்ணியமான குரலுக்கு அடியில் பயம் இருக்கிறது என்று தெரிந்தபின் கேட்டால் பாட்டே வேறாகிவிடும்.

'ஐம் ஸோ லோன்சம் ஐ குட் க்ரை' ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது?

ஹேங்க் வில்லியம்ஸ் 1949 ஆகஸ்டில் சின்சினாட்டியில் பதிவுசெய்தது. அதுவும் ஒரு தட்டின் பின்பக்கமாகத்தான் வந்தது. கதை என்று எதுவுமே இல்லை. இரவில் கூவும் ஒரு பறவை, நள்ளிரவு ரயில், மேகத்துக்குப் பின்னால் போகும் நிலா, இலைகள் உதிரும்போது அழும் ராபின் பறவை, விழும் நட்சத்திரம். பாடுகிறவன் தன்னைப் பற்றி ஒரே ஒரு வரிதான் சொல்கிறான். அதையே நான்கு சரணங்களில் மூன்றின் முடிவில் சொல்கிறான்.

கவனிக்க வேண்டியது கடைசிச் சரணம். அதுவரை, பிரிந்துபோனவளைக் குறிக்கும் 'நீ' இல்லை. நட்சத்திரம் விழுந்து வானம் ஒளிரும்போதுதான், நீ எங்கே இருக்கிறாயோ என்று ஒரே ஒரு தடவை வருகிறது. இவ்வளவு நேரம் பறவையையும் நிலாவையும் பார்த்துக்கொண்டிருந்தது யாரை நினைக்காமல் இருப்பதற்காக என்பது அப்போது தெரிகிறது. அவள் ஏன் போனாள், தப்பு யார் மேல் என்று ஒரு சொல் கிடையாது. பிற்காலத்தில் இந்தப் பாட்டைப் பாடியவர்களில் பலர் அழுத்தி அழுத்திப் பாடி இதைக் கெடுத்தார்கள். ஹேங்க் மூன்று எண்ணிக்கை வால்ட்ஸ் தாளத்தில், வேகத்தையும் அதிகம் குறைக்காமல் பாடுகிறார். அழுதுவிடுவேன் என்று சொல்பவன் இன்னும் அழவில்லை. அதுதான் பாட்டின் உயிர்.

சோகப் பாட்டுகள் பெரும்பாலும் மேஜர் ஸ்கேலில் இருக்கின்றனவே, பிறகு சோகம் எங்கிருந்து வருகிறது?

நல்ல கேள்வி. மேஜர் ஸ்கேல் என்றால் மகிழ்ச்சி, மைனர் ஸ்கேல் என்றால் சோகம் என்ற வாய்ப்பாடு இங்கே செல்லாது. பெரும்பாலான பாடல்களுக்கு மூன்றே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள்): ஜி சுருதியில் ஜி, சி, டி. கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில் நகர ஸ்டுடியோக்களில் கார்டுகளை 1, 4, 5 என்று எண்களால்தான் எழுதுவார்கள். பாடகரின் தொண்டைக்கு ஏற்பச் சுருதியை ஏற்றி இறக்கினாலும் தாளை மாற்றி எழுத வேண்டியதில்லை. பின்னணிக் குரல் பாடிய ஜோர்டனேர்ஸ் குழுவின் நீல் மாத்யூஸ் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிவைத்த முறை இது.

சோகத்தைக் கொண்டுவருவன குரலும் ஸ்டீல் கிட்டாரும். ஸ்டீல் கிட்டாரில் விரலால் தந்தியை ஃப்ரெட்டில் அழுத்துவதில்லை. ஓர் உலோகத் துண்டைத் தந்தியின் மேல் வழுக்குகிறார்கள். கருவி ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது. பிறகு அதற்குப் பெடல் வைத்தார்கள். பெடலை மிதித்தால் ஒரு தந்தி மட்டும் இழுபட்டுச் சுரம் ஏறும், பக்கத்துத் தந்தி அப்படியே நிற்கும். நிற்கும் சுரத்தின் மேல் இன்னொரு சுரம் ஊர்ந்து ஏறி வந்து சேர்வதைத்தான் அழுகை என்று நம் காது எடுத்துக்கொள்கிறது. வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' 1954-ல் பெரிய வெற்றி பெற்றது. அதில் பட் ஐசக்ஸ் இப்படி வாசித்ததைக் கேட்டபின் ஸ்டீல் வாசிப்பவர்கள் எல்லோரும் பெடல் தேடி ஓடினார்கள். இன்னொரு கால் வால்யூம் பெடலில் இருக்கும். தந்தியை மீட்டும் ஒலியை அமுக்கிவிட்டு, பிறகு மெல்லத் திறந்துவிடுவார்கள். சுரம் எங்கிருந்தோ கசிந்து வருவது போல் இருக்கும்.

குரலில், ஒரு சுரத்திலிருந்து மேலே போகும்போது நெஞ்சுக் குரல் சட்டென்று உடைந்து பொய்க்குரலுக்குத் தாவும். யோடல் பாடும் முறையிலிருந்து வந்தது இது. ஒரு வரிக்கு ஒரு தடவை போதும். சொல்லுக்குச் சொல் உடைத்தால் நடிப்பாகிவிடும்.

'ஹி ஸ்டாப்டு லவ்விங் ஹர் டுடே': அவன் ஏன் அவளை நேசிப்பதை நிறுத்தினான்?

இறந்துவிட்டான், அதனால். ஜார்ஜ் ஜோன்ஸ் 1980-ல் வெளியிட்டது. எழுதியவர்கள் பாபி பிராடக், கர்லி புட்மன். தலைப்பைக் கேட்டதும் மனம் மாறிவிட்டான் போலிருக்கிறது என்றே தோன்றும். சாகும்வரை உன்னை நேசிப்பேன் என்று அவன் ஒரு காலத்தில் அவளிடம் சொல்லியிருந்தான் என்ற செய்தி முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. நாம்தான் அதைச் சாதாரணக் காதல் வசனமாக எடுத்துக்கொண்டு கடந்துபோகிறோம்.

கதையைச் சொல்பவர் ஒரு நண்பர். படுக்கையருகே 1962 என்று தேதியிட்ட கடிதங்கள். அவற்றில் 'உன்னை நேசிக்கிறேன்' என்று வந்த இடங்களிலெல்லாம் அவன் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருக்கிறான். அவனைப் பார்க்கப் போன நண்பர், பல வருஷங்களுக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன் என்கிறார். அடுத்து, வாசலில் மலர் வளையம் வைத்திருக்கிறார்கள் என்று வரும்போதுதான் அந்தச் சிரித்த முகம் எந்த நிலையில் இருந்தது என்பது உறைக்கிறது. அதன்பின் ஜோன்ஸ் பாடுவதை நிறுத்திவிட்டுப் பேசுகிறார்: அவளும் கடைசியாக ஒரு தடவை அவனைப் பார்க்க வந்தாள். அவள் வரும் இந்தப் பகுதியை, தயாரிப்பாளர் பில்லி ஷெரில் கேட்டு எழுதி வாங்கினார். இது இல்லாவிட்டால் பாட்டு ஒரு பிடிவாதக்காரனின் கதையாக மட்டும் நின்றிருக்கும்.

இது உயர்ந்த காதலா, மனநோயா என்று கேட்பவர்கள் உண்டு. பாட்டு தீர்ப்புச் சொல்லவில்லை. அவனுக்குப் பாதிப் பைத்தியம் பிடித்திருந்தது என்று நண்பரே ஒத்துக்கொள்கிறார். ஆனாலும் நண்பர் அவனைக் கைவிடவில்லை. இவ்வளவு சோகமான பாட்டு ஓடாது என்று ஜோன்ஸே நம்பினார். அது கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது.

இவை எல்லாம் பாடகர்களின் சொந்தக் கதைகளா?

பாதி சொந்தம், பாதி கற்பனை. ஜானி கேஷ் 1955-ல் 'ஃபோல்சம் பிரிசன் ப்ளூஸ்' பாடினார். அவர் எந்தச் சிறையிலும் தண்டனைக் கைதியாக இருந்ததில்லை. ஜெர்மனியில் விமானப்படையில் இருந்தபோது அந்தச் சிறையைப் பற்றிய படம் ஒன்றைப் பார்த்துவிட்டு எழுதியது. மெர்ல் ஹாகர்ட் உண்மையிலேயே சான் குவென்டின் சிறையில் இருந்தவர். ஆனாலும் 1968-ல் வந்த 'மாமா ட்ரைட்' பாட்டில் வரும் ஆயுள் தண்டனை அவருக்கு விதிக்கப்பட்டதல்ல. நல்லபடியாக வளர்க்கப் பாடுபட்ட அம்மாவுக்குத் தந்த வேதனை மட்டும் சொந்தம். தண்டனையைக் கூட்டிச் சொன்னது, தன் குற்றவுணர்வின் அளவைக் காட்டுவதற்காக என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேஷின் பாட்டில் பெரும்பாலானோர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. சாவதைப் பார்ப்பதற்காகவே ஒருவனைச் சுட்டேன் என்ற வரியை வீரமாக எடுத்துக்கொள்கிறார்கள். 1968 ஜனவரி 13 அன்று ஃபோல்சம் சிறைக்குள்ளேயே பாடிய பதிவில் அந்த வரிக்குக் கைதிகள் ஆரவாரம் செய்வதும் கேட்கிறது. அந்த ஆரவாரம் பின்னால் ஸ்டுடியோவில் சேர்த்தது. பாட்டின் வலி வேறு இடத்தில் இருக்கிறது. ரயிலில் பணக்காரர்கள் காப்பி குடித்துக்கொண்டு, சுருட்டுப் புகைத்துக்கொண்டு போவார்கள் என்று கைதி கற்பனை செய்கிறான். அவர்களுடைய பணம் அவனை உறுத்தவில்லை. அவர்கள் நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள் என்பதுதான் அவனை வதைக்கிறது.

பெண்கள் பாடிய பாடல்களில் தனியாகக் கேட்க வேண்டியது என்ன?

பதில் சொல்லும் குணம். 1952-ல் ஹேங்க் தாம்சன் ஒரு பாட்டுப் பாடினார்: மனைவி தன்னை விட்டுவிட்டு மதுக்கூட வெளிச்சத்துக்குப் போய்விட்டாள், இப்படிப்பட்ட பெண்களைக் கடவுள் படைத்தார் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று. அதே ஆண்டில் கிட்டி வெல்ஸ் பதில் பாடினார். அதில் பேசும் பெண், ஜூக்பாக்ஸில் அந்தப் பாட்டு ஓடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணமாகியும் ஆகாதவர்கள் போல் நடந்துகொள்ளும் ஆண்களால்தான் பல நல்ல பெண்கள் கெட்டுப்போனார்கள், பழியைக் கடவுள் மேல் போடாதே என்கிறாள். மெட்டும் அதே மெட்டு. பில்போர்டு இசைப் பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் ஒரு பெண் தனியாகப் பாடி முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை.

டோலி பார்ட்டனின் 'ஜோலீன்' 1973-ல் வந்தது. கணவனை இன்னொருத்தி பறிக்கப்போகிறாள் என்ற பயம். பாட்டு முழுக்க அந்த இன்னொருத்தியிடம்தான் பேச்சு. கணவனிடம் ஒரு சொல் இல்லை. சண்டை இல்லை, சாபம் இல்லை. அவளுடைய கூந்தலையும் கண்ணையும் குரலையும் இவளே புகழ்கிறாள். கணவன் தூக்கத்தில் அவள் பெயரைச் சொல்கிறான் என்பதையும் அவளிடமே சொல்லிவிடுகிறாள். தன் வாழ்க்கை அவள் கையில் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு கெஞ்சுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும். இந்தப் பாட்டு மைனர் சாயலில் இருப்பதும், கிட்டார் விடாமல் ஓடிக்கொண்டே இருப்பதும் அந்தப் படபடப்புக்குப் பொருந்துகிறது. இதை நிதானமாக, சோகமாகப் பாடினால் பயம் போய்விடும்.

டாமி வைனெட்டின் 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்' 1968-ல் வந்தது. பெண்ணடிமைத்தனம் என்று அன்றும் திட்டினார்கள், இன்றும் திட்டுகிறார்கள். அதோடு சேர்த்து, அதே ஆண்டில் அவர் பாடிய விவாகரத்துப் பாட்டைக் கேளுங்கள். நாலு வயதுப் பையனுக்குப் புரியக்கூடாது என்பதற்காகத் தாய் அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்கிறாள். இரண்டையும் பாடியது ஒரே குரல். சேர்ந்திருக்கவும் முடியவில்லை, பிரியவும் முடியவில்லை என்பதுதான் அந்தக் குரலின் பொருள்.

ரயில், மது, சிறை, அம்மா: இவை ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன?

அந்த ஊர்களில் கண்ணுக்குத் தெரிந்தவை அவை. ரயிலுக்கு மட்டும் ஒரே பொருள் கிடையாது. கைதிக்கு அது விடுதலை, தனியாக இருப்பவனுக்குப் பிரிவு, பக்திப் பாடல்களில் மோட்சத்துக்குப் போகும் வண்டி. மது பெரும்பாலும் மறக்க உதவாத மருந்தாகத்தான் வருகிறது. சனிக்கிழமை இரவு குடி, ஞாயிறு காலை சர்ச் என்ற இழுபறி இந்த இசை முழுக்க உண்டு. கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சி 1943 முதல் 1974 வரை நடந்த ரைமன் அரங்கம், முதலில் பிரார்த்தனைக் கூடமாகக் கட்டப்பட்டதுதான். இன்றும் அங்கே சர்ச் பெஞ்சுகளில் உட்கார்ந்துதான் கேட்கிறார்கள்.

'ஓட் டு பில்லி ஜோ' பாட்டில் பாலத்திலிருந்து எறிந்தது என்ன?

தெரியாது, தெரியவும் வேண்டாம். 1967-ல் பாபி ஜென்ட்ரி எழுதிப் பாடியது, கன்ட்ரிக்கும் பாப்புக்கும் நடுவில் நிற்கும் பாட்டு. மிசிசிப்பியில் ஒரு வீட்டில் மத்தியானச் சாப்பாடு. பில்லி ஜோ என்ற பையன் டாலஹாச்சி பாலத்திலிருந்து குதித்து இறந்துவிட்டான் என்ற செய்தி மேஜைக்கு வருகிறது. அப்பா, அவனுக்கு என்றைக்கும் புத்தி இருந்ததில்லை என்று சொல்லிவிட்டு, பிஸ்கட்டை இந்தப் பக்கம் தள்ளச் சொல்கிறார். அண்ணன் இன்னொரு துண்டு ஆப்பிள் பை கேட்கிறான். பாடுகிற பெண் ஒரு வாயும் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லும்போதுதான் அவளுக்கு ஏதோ தொடர்பு இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. பில்லி ஜோவும், இவளைப் போலவே ஒரு பெண்ணும் பாலத்திலிருந்து எதையோ எறிந்ததைப் பாதிரியார் பார்த்திருக்கிறார்.

எறிந்தது பூவா, மோதிரமா, குழந்தையா என்று ஊரே விவாதித்தது. ஜென்ட்ரி சொன்னது வேறு: தம்மை அறியாமலே அந்த வீட்டார் காட்டும் கொடுமைதான் பாட்டின் பொருள். கடைசிச் சரணம் ஒரு வருஷம் கழித்து நடக்கிறது. அப்பா இறந்துவிட்டார், அம்மாவுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. மகள் மலைமேட்டில் பூப் பறித்துப் பாலத்திலிருந்து ஆற்றில் போடுகிறாள். ஒரே வீட்டில் இரண்டு பெண்கள், இருவருக்கும் இழப்பு. ஒருத்தியின் துக்கம் இன்னொருத்தியின் கண்ணில் படவே இல்லை.

இது வெள்ளையர்களின் இசை மட்டும்தானா?

இல்லை. பாஞ்சோ என்ற தந்திக் கருவியின் மூலம் ஆப்பிரிக்கா. ஹேங்க் வில்லியம்ஸ் சிறுவனாக இருந்தபோது கிட்டார் கற்றுக்கொண்டது ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப் பாடகரிடம். கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் பாட்டுச் சேகரிக்க மலையூர்களுக்குப் போனபோது கூடப் போய் மெட்டுகளை நினைவில் வைத்து வந்தவர் லெஸ்லி ரிடில், அவரும் கறுப்பினத்தவர். ராட்ஜர்ஸின் 1930-ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றில் ட்ரம்பெட் ஊதியவர் லூயி ஆம்ஸ்ட்ராங். கன்ட்ரி பாட்டின் ஏக்கத்தில் கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ் இசை கலந்திருப்பது தற்செயல் அல்ல.

பாடிப் பழக விரும்புகிறவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

முதல் தவறு வேகத்தைக் குறைப்பது. சோகப் பாட்டென்றால் இழுக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். மூல இசைத்தட்டைக் கேட்டுத் தாளத்தைத் தட்டிப் பார்த்து அதே வேகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, சொல் தெளிவாக விழாமல் பாடுவது. கதைப்பாட்டில் ஒரு சொல் தவறினால் முடிச்சே அவிழாது. மூன்றாவது, திருப்பத்தை முன்கூட்டியே காட்டிவிடுவது. 'கிரீன் கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம்' பாட்டில் ஊர் திரும்பியவனின் மகிழ்ச்சி இரண்டு சரணம் நிற்க வேண்டும். அவன் மரண தண்டனைக் கைதி, இதுவரை கண்டது கனவு என்று பேச்சாக வரும் பகுதியில்தான் தெரிய வேண்டும். முதல் வரியிலேயே குரல் நடுங்கினால் அந்தப் பகுதிக்கு வேலையில்லை.

சுருதியும் பொருளின் பகுதி என்பதற்கு கேஷின் 'ஐ வாக் தி லைன்' நல்ல பாடம். 1956 பதிவில் சரணத்துக்குச் சரணம் சுருதி மாறுகிறது. ஒவ்வொன்றுக்கும் முன் அவர் முனகிப் புதுச் சுருதியைப் பிடிக்கிறார். கடைசியில் முதல் சரணத்தையே ஒரு ஸ்தாயி கீழே பாடி முடிக்கிறார். உனக்கு உண்மையாக இருப்பேன் என்ற சத்தியம் அது. குரல் அடிமட்டத்துக்கு இறங்கும்போது அதைக் காப்பாற்ற அவர் படும் பாடு கேட்கிறது. எல்லாச் சரணத்தையும் வசதியான ஒரே சுருதியில் பாடினால் சத்தியம் மட்டும் மிஞ்சும், பாடு போய்விடும். டிரம் இல்லாத அந்தப் பதிவில் டிரம் போலக் கேட்கும் ஒலிக்கு, கிட்டார் தந்திகளுக்கிடையே ஒரு காகிதத்தைச் செருகிக்கொண்டு வாசியுங்கள். கேஷ் செய்தது அதுதான்.

புதிதாகக் கேட்பவர்கள் எந்த வரிசையில் கேட்கலாம்?

காலவரிசையில் தொடங்க வேண்டாம். 1920-களின் ஒலிப்பதிவுத் தரம் பலரை விரட்டிவிடும். ஜிம் ரீவ்ஸ், பிறகு பாட்ஸி க்ளைன் 1961-ல் பாடிய 'க்ரேஸி'. அடுத்து கேஷ், ஹாகர்ட். லொரெட்டா லின்னையும் டோலி பார்ட்டனையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். காது பழகியபின் ஹேங்க் வில்லியம்ஸ், அதன்பின் ஜார்ஜ் ஜோன்ஸ். கார்ட்டர் குடும்பத்தையும் ராட்ஜர்ஸையும் கடைசியில் எடுங்கள். பாட்டு வரிகளைப் படித்துக்கொண்டே கேட்பது இரண்டாம் முறைக்கு மட்டும். முதல் முறை கையில் தாள் வேண்டாம். கடைசிச் சரணம் கண்ணில் பட்டுவிடும்.